ஜெகதாம்பாளுக்குத் தெரியாத படம்

அண்ணனூர் ரயில் பணிமனைச் சுவருக்குப் பின்னால் குடியிருக்கும் ஜெகதாம்பாள் மனுஷிதானா என்பதில் தங்களுக்குச் சந்தேகம் இருப்பதாக, பணி ஓய்வாளர் குடும்ப மருத்துவக் கழகம் ஒரு நாள் காலையில் குறுஞ்செய்தி அனுப்பியது. செய்தி மரியாதையாகவே எழுதப்பட்டிருந்தது. 'அன்புடையீர், தங்கள் குடும்பப் பயனாளி ஓர் இயந்திரமாக இருக்க வாய்ப்புள்ளது. இயந்திரங்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வழங்க விதிகளில் இடமில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

ஆவடியில் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் கோவிந்தராஜ்தான் அதைப் படித்துச் சொன்னார். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

"இன்னாவாம்?"

"நீ மெஷினாம்."

"கல்யாணம் ஆனதுலேந்து அப்டித்தானே ஓடிகினு கீறேன். இப்பத்தான் கண்டுபுட்ச்சானுங்களா?"

சிரித்துக்கொண்டே தடவித் தடவி அடுப்படிக்குப் போனாள். போன வாரம் அவள் கொதிக்கிற குக்கர் மேல் கையை வைத்துவிட்டாள். இன்னும் தள்ளிப்போட்டால் கண் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழகத்தின் அனுமதி எண் வராமல் மருத்துவமனை கட்டில் தராது. கழகம், அவள் மனிதப் பிறவி என்று தெரியாமல் அனுமதி எண் தராது.

சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், நோயாளி தன் கண்ணாலேயே பார்த்து, பேருந்து உள்ள கட்டங்களைத் தொட வேண்டும் என்று ஒரு சோதனை வந்தது. ஆவடி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் ஜெகதாம்பாள் திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மூக்கு பட்டது. கணினி அதையே விடையாக எடுத்துக்கொண்டு, 'தவறு' என்றது.

"சத்தம் போட்டுச்சின்னா எந்த பஸ்ஸுன்னு கூட சொல்வேன். இது கம்முனு கீது" என்றாள்.

அடுத்ததாகப் போக்குவரத்து விளக்குகள் வந்தன. கோவிந்தராஜ் அவள் விரலைப் பிடித்துத் தானே தொட்டார். அவர் ஃபிட்டர். விளக்கைத் தொட்டார், விளக்கைத் தாங்கும் கிளாம்பைத் தொட்டார், கம்பத்தைத் தொட்டார், கம்பம் நிற்கிற அடிப்பலகையின் போல்ட்டையும் தொட்டார். "அண்ணாத்தே, லைட்ட மட்டும் தொடு" என்று கடைக்காரர் கெஞ்சினார். "அப்ப லைட்டு காத்துலயா நிக்குது?" என்று கேட்டார் கோவிந்தராஜ். அவருக்குச் சரியென்று பட்டதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் இல்லை. சோதனை முடிந்தபோது ஜெகதாம்பாள் இயந்திரமாகியிருந்தாள்.

அன்று மாலை அவள் வழக்கம்போல், வெள்ளிக்கிழமைதோறும் அவர் திருவேற்காடு கோயிலிலிருந்து கொண்டுவரும் திருநீற்றை எடுத்து இரண்டு இமைகளிலும் பூசிக்கொண்டாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் அதைப் பூசும்போதெல்லாம் அவர் வேறு பக்கம்தான் பார்ப்பார்.

*

கழகத்தின் மனிதத்தன்மை உறுதிப்பாட்டுப் பிரிவு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. ஜெகதாம்பாளைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு மேலே வந்தால், பூட்டிய கண்ணாடிக் கதவில் ஒரு சின்னத் திரை, 'படிக்கட்டுகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்டது. பக்கத்து ஸ்டூலில் இருந்த காவலாளி வேம்புலி எழுந்து, பார்க்காமலே நாலு தட்டுத் தட்டினார். கதவு திறந்தது.

"உள்ள போற அத்தினி பேருக்கும் நான்தான் மனுசன் நைனா" என்றார். "போன மாசம் லீவு போட்டேன். மூணு நாள் ஆபீசருங்க யாரும் உள்ள போகல."

அலுவலர் செங்கல்வராயன் கனிவானவர். எழுந்து நின்று வணங்கினார். உட்காரச் சொல்லிவிட்டு, ஜெகதாம்பாளைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார்.

"பார்வைக்கு மனுஷங்க மாதிரிதான் இருக்காங்க" என்றார். "ஆனா நாங்க பார்வையை நம்புறது இல்லை சார்."

"கண்ணு தெரியாததாலதான் சார் தப்பாத் தொட்டா. அதுக்குத்தான் ஆபரேசனே."

"கண்ணு தெரியலன்னு இயந்திரமும் சொல்லலாமே. நாளைக்கு ஒரு ரோபோ வந்து எனக்குப் புரைன்னு கட்டிலில் படுத்துட்டா, பத்திரிகைக்கு யார் பதில் சொல்றது? நம்ம முறை எவ்வளவு பாதுகாப்பானதுன்னு உங்களுக்குத் தெரியணும். இது வந்த நாள்லேந்து ஒரு மோசடி கிடையாது. ஒரு போலிச் சிகிச்சை கிடையாது."

"நல்ல சிகிச்சை எத்தினி சார் ஆச்சு?"

"அதுக்குத்தான் நாம முயற்சி பண்ணிட்டு இருக்கோம்."

பிறகு அவர் தன் கணினியைத் திறக்கப் பார்த்தார். திரையில் ஒன்பது படங்கள் வந்தன. சற்று யோசித்துவிட்டு அடுத்த மேசையைப் பார்த்து, "ஷர்மிளா, என் படம் எதும்மா?" என்றார்.

"உங்க நாற்காலி சார். ரெண்டாவது வரிசை" என்றாள் கணினி இயக்குபவளான அந்தப் பெண்.

"அலுவலர் படங்களுக்கு விதிவிலக்கு உண்டு" என்று கோவிந்தராஜிடம் விளக்கிவிட்டு, செங்கல்வராயன் நாற்காலியைத் தொட்டார். கோவிந்தராஜின் பதிவு திரைக்கு வந்தது. "ஒரு வழி இருக்கு. நோயாளியால சோதனையில தேற முடியலன்னா குடும்பத் தலைவரோட இதயப் படம் அவங்களுக்கு ஜாமீன் நிக்கலாம். உங்க இதயப் படம் மிகவும் வலுவானதுன்னு பதிவாகியிருக்கு. அபூர்வம் சார். வாழ்த்துகள்."

கோவிந்தராஜின் காது சூடானது.

*

இதயப் படம் என்பது கழகம் கொண்டுவந்த படக் கடவுச்சொல். எழுத்துகளை யாரும் திருடிவிடலாம், இதயத்தை யாரும் திருட முடியாது என்பது அதன் விளம்பரம். ஒரு வருடத்துக்கு முன் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவு முகாம் நடந்தது. உங்கள் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு படத்தைப் போனிலிருந்து ஏற்றுங்கள், அடுத்த முறை எட்டு அந்நியப் படங்களோடு அதைக் கலந்து காட்டுவோம், கண்டுபிடியுங்கள் என்றார்கள்.

கோவிந்தராஜ் முதலில் மனைவியின் படத்தை ஏற்றினார். 'மிகவும் பலவீனமானது' என்று சிவப்பில் வந்தது. மனைவி, பிள்ளை, பேரக்குழந்தை, குலதெய்வம், சொந்த வீடு, தலைவர் படம் எல்லாம் எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று முகாமில் இருந்த பெண் சொன்னாள். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதா இருக்கணும் அங்கிள். ஆனா அது பிடிக்கும்னு வீட்ல யாருக்குமே தெரியக்கூடாது." பின்னால் வரிசை முண்டியது. அவர் போனைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படம் வந்தது. தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது. மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி மணி அடித்தது.

அது குமணன்சாவடியில் ஒரு பரோட்டா கடையின் மட்டன் சுக்கா.

அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு வேண்டுதல் இருந்தது. கோவிந்தராஜுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் நின்று ஜெகதாம்பாள் வேற்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்து எழுந்தால் இருவருமே இனி கவிச்சி தொடுவதில்லை. வஞ்சிரம் என்றால் உயிரை விடுகிறவள், அன்றிலிருந்து மீன் வண்டிக்காரன் கூவினால் கதவைச் சாத்திக்கொண்டாள். கோவிந்தராஜும் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் குமணன்சாவடியில் பஸ் மாற வேண்டியிருந்தது. பஸ் வரத் தாமதமானது. கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வெள்ளியில் பஸ் சீக்கிரமே வந்தது. அவர் ஏறவில்லை. திருநீறு, பரோட்டா கடைக்குப் பக்கத்திலேயே இருந்த பூஜைச் சாமான் கடையில் பொட்டலமாகக் கிடைத்தது.

*

"ஜாமீனுக்கு ஒரு வலிமைச் சோதனை இருக்கு" என்றார் செங்கல்வராயன். "உங்க படம் எதுன்னு உங்க சம்சாரம் ஊகிக்கணும். அவங்க கண்டுபிடிச்சிட்டா படம் பலவீனம், ஜாமீன் ரத்து. ஆறு மாசம் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாம். கண்டுபிடிக்கலன்னா வலுவானது. அனுமதி இன்னிக்கே."

கோவிந்தராஜுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. மனைவிக்குத் தன் மனசு தெரியக்கூடாது என்று அவர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து பிரார்த்திக்க வேண்டும். யாரிடம் பிரார்த்திப்பது என்பதுதான் சிக்கல். அம்மனிடம் இதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

ஷர்மிளா திரையை ஜெகதாம்பாள் பக்கம் திருப்பினாள். நாய்க்குட்டி, மலை, கிரிக்கெட் மட்டை, சுக்கா, கோபுரம், கார், கடற்கரை, ரோஜாப்பூ, கடிகாரம். ஜெகதாம்பாளுக்கு ஒன்பதும் ஒரே புகையாகத்தான் தெரிந்திருக்கும்.

"கோபுரம் மாதிரி எதனா கீதாம்மா?" என்று கேட்டாள்.

ஷர்மிளா அலுவலரைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று விதி இருப்பதாக அவர் தலையசைத்தார்.

"இருக்கு ஆன்ட்டி."

"அத்தத் தொடு. வெள்ளிக்கெயம தவறாம வேற்காடு போய்கினு கீறாரு. வேற இன்னா கீது அவுருக்கு?"

பச்சை விளக்கு எரிந்தது. 'தவறான ஊகம். மிகவும் வலுவானது.' செங்கல்வராயன் எழுந்து கோவிந்தராஜின் கையைக் குலுக்கினார்.

"இத்தனை வருஷ தாம்பத்தியத்துல உங்க சம்சாரத்துக்கு உங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாம பார்த்துக்கிட்டிருக்கீங்க. இந்த ஒழுக்கம் எல்லார்கிட்டயும் இருந்தா நாட்டுல ஹேக்கிங்கே இருக்காது." பிறகு கடைசிச் சடங்காக ஒரு தாளைப் பார்த்து உரக்கப் படித்தார். "வெளிப்படுத்தல். குடும்பத் தலைவரின் இதயப் படம் மட்டன் சுக்கா, ஒரு பிளேட். வெங்காயத்துடன்."

ஷர்மிளா விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். ஜெகதாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆச்சாம்மா? கெளம்பலாமா?" என்றாள்.

ஷேர் ஆட்டோ டன்லப் நிறுத்தத்தைத் தாண்டியது.

"எனுக்குக் கண்ணுதான் போச்சு" என்றாள் அவள். "மூக்கு போகல."

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம சட்ட துவைக்கிறது யாரு? பட்ட, சோம்பு, எண்ண. கோயில்ல அம்மாவுக்கு சுக்காவா படைக்கிறாங்க?"

"தெரிஞ்சிகினேவா கோபுரத்த தொட்ட?"

"கண்ணு வேணுமே."

"அந்தத் துன்னூற வேற தெனம் பூசிகினே..."

"துன்னூறு இன்னா பண்ணுச்சு பாவம். அது மேல எனுக்கு இன்னா கோவம்?"

எதிர் சீட்டில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவிந்தராஜ் ஆவடி வரும்வரை தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல அவரிடம் இரண்டு மூன்று வாக்கியங்கள் இருந்தன. அவை வீணாயின.

*

வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அவள் முதலில் பார்த்தது வாசலில் கிடந்த அவருடைய செருப்பை. இடது காலின் வாரில் பச்சை நூல் தையல் ஓடியிருந்தது.

"கருப்புச் செருப்புல பச்ச நூலு. எந்தக் குருடி தச்சது?"

"நீதான்."

வயிறு குலுங்கச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செருப்போடுதான் அவர் குமணன்சாவடிக்குப் போய்வந்திருந்தார். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து, கேட்காமலே காய் நறுக்கிக் கொடுத்தார். கோணல்மாணலாக நறுக்கினார். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவரை வதைத்தது.

இடது கண்ணுக்கு விண்ணப்பித்தபோது கழகம் பதில் அனுப்பியது. 'ஒரு கண்ணுக்கு ஓர் அனுமதி. ஓர் அனுமதிக்கு ஓர் இரகசியம். தங்கள் முந்தைய இரகசியம் வெளிப்படுத்தப்பட்டுவிட்டதால் காலாவதியாகிறது. மனைவி அறியாத புதிய இதயப் படத்தை ஏற்றவும்.'

இந்த முறை ஜெகதாம்பாளே ஒற்றைக் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வேற எதனா வெச்சிகினு கீறியா?"

"இன்னா?"

"எனுக்குத் தெரியாம."

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லமே."

"அந்த ஒரு சுக்காதானா? வாழ்க்க பூரா?" அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது. "சரி, போ. போய் நல்லதா ஒரு தப்பு பண்ணிகினு வா. எனுக்கு இன்னொரு கண்ணு வேணும்."

கோவிந்தராஜ் தப்புத் தேடிப் புறப்பட்டார். மனைவியின் அனுமதியோடு, மனைவிக்குத் தெரியாமல், மனைவியின் நன்மைக்காகச் செய்யவேண்டிய தப்பு என்பதால் அது எளிதாக அகப்படவில்லை. அம்பத்தூரில் தனியாகப் பகல் காட்சி பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், "பாப்கார்னு துன்னியா? மீசைல ஒட்டிகினு கீது" என்றாள். பழைய தொழிற்சாலைச் சிநேகிதர் எத்திராஜோடு மரத்தடியில் சீட்டாடினார். "எத்திராஜ் சம்சாரம் போன் பண்ணுச்சு. ஜோக்கர ஒளிச்சி வெச்சியாமே" என்றாள். ஒரு சிகரெட் பற்றவைத்து, இருமி, அணைத்தார். அதற்கு அவள் கஷாயமே வைத்துக் கொடுத்தாள். புதுக் கண் வந்தபிறகு அவளிடமிருந்து எதுவும் தப்பவில்லை.

"இதெல்லாம் தேறாது. ஊருக்கே தெரியுது" என்று சூப்பர்வைசர்போல் நிராகரித்தாள். "படம் ஏத்துற தேதி நெருங்குது. கொஞ்சம் மனசு வெச்சிப் பண்ணு."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பழக்கதோஷத்தில் பஸ் ஏறி குமணன்சாவடியில் இறங்கினார். கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. கடைக்காரர் தூரத்திலிருந்தே இலை போடச் சொன்னார். கோவிந்தராஜ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வேற்காடு போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினார். வாரம் தவறாமல் போய்வருவதாகச் சொன்ன கோயிலின் வாசலை, சுக்காவைத் தொட்டதிலிருந்து அன்றுதான் பார்த்தார்.

உள்ளே போக முடியவில்லை. செருப்பு விடும் இடத்துக்கு எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்தார். "டோக்கன் வேணுமா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். வேண்டாம் என்றார். அம்மனுக்கு முன்னால் போய் என்ன சொல்வது? உயிர் கொடுத்தவளிடம் பஸ் தாமதமாக வந்தது என்றா? வருகிறவர்களும் போகிறவர்களும் செருப்பை விட்டார்கள், எடுத்தார்கள். அவர் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளியும் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த வெள்ளி, எதற்கென்று தெரியாமல் போனை எடுத்து, டோக்கன் பலகைக்குக் கீழே அடுக்கி வைத்த செருப்புகளைப் படம் பிடித்தார்.

வீட்டில் அவள் கேட்டபோது, "எங்கயும் போகல, சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றார். சுக்காவுக்காகக் கோயில் என்று பொய் சொன்னவர், இப்போது கோயிலுக்காக ஒரு பொய் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரிதான் உறுத்தின.

படத்தை ஏற்றியதும் கழகம் உடனே பச்சை விளக்குக் காட்டியது. 'மிகவும் வலுவானது.'

*

மூன்றாம் மாடியில் இந்த முறை கூட்டம். செங்கல்வராயன் தலைமையகத்திலிருந்து ஒரு புகைப்படக்காரரை வரவழைத்திருந்தார். வேம்புலி எல்லோருக்கும் மனுசனாக இருந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஷர்மிளா திரையைத் திருப்பினாள். ஒன்பது படங்கள். காலாவதியான சுக்காவும் அவற்றில் ஒன்றாக இருந்தது. மற்றவை மயில், சைக்கிள், ஆறு, பலூன் என்று இருந்தன. மூலையில் அந்தச் செருப்பு அடுக்கு.

ஜெகதாம்பாள் இந்த முறை யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கண்ணால் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அவள் விரல் மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தாரா, கண்டுபிடிக்கமாட்டாளா என்று ஏங்கினாரா என்பதைக் கோவிந்தராஜால் பிரிக்க முடியவில்லை.

விரல் நகர்ந்து சுக்காவைத் தொட்டது.

"இதான்" என்றாள். "இந்த மன்சன் எங்க திருந்தப் போறாரு."

பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். செங்கல்வராயன் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"ரெண்டு முறை. ரெண்டு முறையும் இந்த அம்மாவுக்குத் தன் கணவரைப் புரியல. ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிற இடத்துலதான் தகவல் கசியுது. ஒவ்வொரு வீட்லயும் யாருக்கும் யாரையும் தெரியாத ஒரு காலம் வரணும்கிறதுதான் நம்ம கழகத்தோட கனவு. அந்தக் கனவுக்கு இவங்க ரெண்டு பேரும் முன்மாதிரி." 'ஆண்டின் பாதுகாப்பான தம்பதியர்' என்று அச்சிட்ட சான்றிதழை நீட்டினார். கேமரா பளிச்சிட்டது. புதுக் கண்ணுக்கு ஆகாது என்று ஜெகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், படத்தில் இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். அது இன்னும் பொருத்தமாக இருப்பதாகப் புகைப்படக்காரர் சொன்னார்.

வெளிப்படுத்தலைப் படிக்கச் செங்கல்வராயன் மறந்துவிட்டார். கோவிந்தராஜ் நினைவூட்டவில்லை.

அனுமதி எண் அச்சான தாளோடு இருவரும் இறங்கினார்கள். இந்த முறை அவள் முன்னால் இறங்கினாள். கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

"அந்தப் படத்து ஓரத்துல ஒரு காலு கீது, பாத்தியா?"

"எந்தப் படம்?"

"பச்ச நூலு."

அவர் கீழே, தன் காலைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் போய் வாசல்ல குந்திகினு வந்துகீறே" என்றாள் ஜெகதாம்பாள். "கயட்டி வுட்டுட்டு உள்ள போயிருக்கலாம் இல்ல?"